வைப்போ அருவி: சுலபமான நடைதான், ஆறு அனுமதித்தால்

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, பசிபிக் பெருங்கடலிலுள்ள நூகு ஹிவா தீவுப் பயணக் கட்டுரை, ஹகாவுயி பள்ளத்தாக்கிலுள்ள வைப்போ அருவியை 'இரண்டரை மணி நேர சுலபமான நடை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தூரத்தையும் ஏற்றத்தையும் மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை. படகு இறக்கிவிடும் கரையிலிருந்து பள்ளத்தாக்கின் கடைசி வரை பாதை பெரும்பாலும் சமதளம். பழைய கல்பாவிய வழி, மரங்களுக்குள் பாசி மூடிக் கிடக்கும் கல்மேடைகள், நிழல். ஆனால் அந்தப் பாதை பல இடங்களில் ஆற்றைக் கடக்கிறது. அங்கே வழி விடுவதும் மறுப்பதும் ஆறுதான்.

பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மார்க்கேசஸ் தீவுகள், அதன் முக்கியத் தீவான டாஹிட்டியிலிருந்து சுமார் 1,400 கி.மீ. வடகிழக்கே இருக்கின்றன. அவற்றில் பெரியது நூகு ஹிவா. தலையூரான தையோஹாயேவிலிருந்து படகில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஹகாவுயி வந்துவிடும். வைப்போ சுமார் 350 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்தத் தண்ணீர் வருவது பள்ளத்தாக்கிலிருந்து அல்ல, மேலேயுள்ள தோவீ பீடபூமியிலிருந்து. கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம் இதுதான். இரு பக்கமும் செங்குத்துச் சுவர் எழும்பிய பள்ளத்தாக்கில் நடப்பவருக்குத் தெரியும் வானம் ஒரு பட்டை அகலம். அந்தப் பட்டை நீலமாக இருக்கும்போதே மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரு சதுர கி.மீ. நிலத்தில் ஒரு மி.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஐந்து சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 20 மி.மீ. பெய்தால் 10 கோடி லிட்டர். அதில் பாதியை மண் குடித்துவிட்டாலும், மீதி ஒரே ஒடுக்கமான வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். எரிமலைத் தீவுகளின் ஆறுகள் குட்டையானவை, சரிவானவை. மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே சில சமயம் அரை மணி நேரம்கூடக் கிடைக்காது.

விவரமான வழிகாட்டி முதல் கடவிலேயே, அதாவது பாதை ஆற்றைக் கடக்கும் முதல் இடத்திலேயே, வேலையைத் தொடங்கிவிடுவார். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைப்பார், அல்லது பாறையில் ஈரம் முடிந்து உலர்ந்த பகுதி தொடங்கும் கோட்டைப் பார்த்துக்கொள்வார். அடுத்தடுத்த கடவுகளிலும் அதே கணக்கு. ஒரு விரற்கடை ஏறினால் கவனம், ஒரு கையகலம் ஏறினால் திரும்ப வேண்டும். மட்டம் ஏறுமுன்பே வேறு அறிகுறிகள் வரும்: தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகும், சருகும் குச்சியும் கும்பலாக மிதந்து வரும், மண் வாசனை அடிக்கும், அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்கும். இவற்றைவிட மோசமான அறிகுறி ஒன்று உண்டு. ஆறு காரணமில்லாமல் திடீரென்று குறைவது. மேலே மரமோ சரிந்த மண்ணோ அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். 'நல்லவேளை, வற்றிவிட்டது' என்று இறங்குகிற இடம் அல்ல அது. கரையேறி மேட்டுக்குப் போக வேண்டிய நேரம்.

கடக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். தண்ணீரின் வேகம் இரு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் ஆழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே பழக்கமில்லாதவரைச் சாய்த்துவிடும். ஒடுங்கிய இடம் கிட்டத்தில் தெரியும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான். அகன்று, சலசலத்து, கூழாங்கல் தெரிய ஓடுகிற இடமே கடவு. இறங்குமுன், விழுந்தால் தண்ணீர் எங்கே கொண்டுபோகும் என்று கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். அங்கே விழுந்த மரம் குறுக்கே கிடந்தால் அந்த இடமே வேண்டாம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும். ஆள் போக முடியாது.

தோள்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை போகட்டும், ஆள் மிஞ்ச வேண்டும். மார்பு உயரக் கழி ஒன்றை மேல்நீர்ப் பக்கம் ஊன்றி, முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, நண்டு போலப் பக்கவாட்டில், சற்றே கீழ்நோக்கி நகர வேண்டும். கழி, இரண்டு கால் என மூன்றில் ஒன்று நகரும்போது மற்ற இரண்டும் ஊன்றி இருக்க வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துவது நல்லது. கல்லிலிருந்து கல்லுக்குத் தாவுவதுதான் கணுக்காலை உடைக்கும் வேலை. உலர்ந்த கல்லின் மேலும் ஈரமான பாதம் வழுக்கலாம். தப்பித் தவறி அடித்துச் செல்லப்பட்டால், மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். வேக நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறையிடுக்கில் சிக்கி, தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும்.

கட்டுரைப் படத்தில் பயணிகள் ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். படகுக்கு அது போதும், ஆற்றுக்கு ஆகாது. விரலை மூடி, குதிகாலை இறுக்கிப் பிடிக்கிற, தண்ணீர் வடிகிற ஷூ வேண்டும். ஒவ்வொரு கடவிலும் ஷூவைக் கழற்றி வெறுங்காலில் இறங்குபவர்கள் கல்லில் கிழிபடுவதோடு நேரத்தையும் விரயம் செய்கிறார்கள்.

அருவியின் அடி இன்னொரு கணக்கு. பொய்கை அருகே நின்றால் முழு அருவியும் தெரியாது; கடைசிப் பகுதிதான் தெரியும். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் வரும் வழியில், மரங்கள் விலகும் இடத்தில் நின்று பார்த்துவிட வேண்டும். வறண்ட காலத்தில் அது வெறும் ஈரக் கோடாக மெலிந்துவிடுவதும் உண்டு. பொய்கையை அடைந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, நேரே விழும் தண்ணீருக்கடியில் போய் நிற்பது. அங்கே கல் விழும். மழை விட்ட பிறகும் விழும், சுவரில் மேயும் ஆட்டின் கால் பட்டும் விழும். 1999 மே 9 அன்று ஹவாயின் ஓஆஹு தீவில் சேக்ரட் ஃபால்ஸ் அருவியடியில் பாறை சரிந்து 8 பேர் இறந்தார்கள். அந்தப் பூங்கா அதோடு மூடப்பட்டது. இடம் வேறு, ஆனால் வடிவம் ஒன்றுதான்: செங்குத்துச் சுவர், ஒடுங்கிய அடி, மேலே பார்க்காத கூட்டம். இன்னொன்று, அருவி விழும் இடத்துத் தண்ணீர் நுரைத்துக் காற்றோடு கலந்திருக்கும். அதில் உடல் வழக்கம்போல மிதக்காது. நன்றாக நீந்துபவரும் அங்கே அமிழ்வார்.

'நோனோ' என்ற பொடி ஈயைப் பற்றிக் கட்டுரை வேடிக்கையாக எழுதியிருந்தது. கடி வேடிக்கையாகவே இருக்கட்டும், சொறிவது அப்படி அல்ல. சொறிந்த புண்ணோடு ஆற்றில் இறங்கினால் எலிக் காய்ச்சல் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. பிரெஞ்சு பாலினீசியாவில் அந்த நோய் நிலையாக உள்ளது. ஊர் திரும்பி ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவராக ஊகிக்க வழியில்லை. நீளக் கால்சட்டையும், காயங்களுக்கு நீர்புகாத ஒட்டும் பட்டையும் மிகச் சிறிய செலவு.

எனவே, வழிகாட்டியை அமர்த்துமுன் பயணிகள் கட்டணத்தைக் கேட்கட்டும், ஆனால் அதற்கு முன்பு ஒன்றைக் கேட்கட்டும்: 'எந்த நிலை வந்தால் பாதியிலேயே திரும்பிவிடுவீர்கள்?' 'பார்த்துக்கொள்ளலாம்' என்பவரோடு போக வேண்டாம். எந்தக் கடவில், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி என்று சொல்பவரே வழிகாட்டி. பூமத்தியரேகைக்குப் பக்கமான அந்தத் தீவில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே சூரியன் மறையும், பள்ளத்தாக்குக்குள் அதற்கு முன்பே இருட்டும். காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினால், அருவியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், நண்பகலில் முகம் திரும்ப வேண்டும்.

படகுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசி வைக்க வேண்டும். ஆறு ஏறி, குழு எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. வேகமாக ஏறிய குட்டை ஆறு, மழை நின்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கரையில் படகு போய்விடுமே என்ற பதற்றத்தில்தான் ஆட்கள் இறங்கக் கூடாத தண்ணீரில் இறங்குகிறார்கள். எத்தனை மணி வரை நிற்பார், நிற்க முடியாவிட்டால் யாரிடம் தகவல் சொல்வார் என்பது புறப்படும்போதே முடிவாகியிருக்க வேண்டும். நீர்புகாத பையில் ஆளுக்கு ஒரு டார்ச்சும் ஒரு உலர்ந்த சட்டையும் இருக்கட்டும். தங்கள் கட்டுரையின் 'எடுத்துச் செல்ல வேண்டியவை' பெட்டியில் இந்த இரண்டும் இல்லை. அடுத்த இதழில் சேர்த்துவிட்டால் நல்லது.

தங்கள் வாசகர்