எரிவதை மறக்காத கண்ணாடி

அன்புள்ள கோபால்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். கல்லூரியில் இந்த செமஸ்டர் எனக்குக் காட்சித்திரைப் பாடம் கொடுத்திருக்கிறார்கள். "பிளாஸ்மா டிவிதான் நின்றுபோயிற்றே, அதை எதற்குப் படிக்க வேண்டும்?" என்கிறார்கள் பிள்ளைகள். நான் விடுவதாக இல்லை.

1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்துக்காகப் பிறந்தது இது. டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ஆய்வு மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் செய்தார்கள். பழைய டிவியின் பிக்சர் டியூபில் படம் நிற்க வேண்டுமானால் விடாமல் திரும்பத் திரும்ப வரைய வேண்டும், அதற்குப் படத்தை எங்காவது சேமித்தும் வைக்க வேண்டும். அன்றைக்குக் கணினி நினைவகம் ஆனை விலை. அதனால் திரையையே நினைவு வைத்துக்கொள்ளச் செய்தார்கள்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வாயு நிரம்பிய நுண்ணிய அறைகள், ஒவ்வொன்றும் படத்தில் ஒரு புள்ளி. மின்முனைகளை வாயுவில் படவிடாமல் கண்ணாடிக்கு மறுபுறம் வைத்தார்கள். வாயு பற்றிக்கொண்டு அதன் வழியே மின்சாரம் பாய்ந்ததும் (இதுதான் மின்னிறக்கம்) மின்னூட்டம் அறையின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த மின்னிறக்கத்தைத் தானே அணைத்துவிடும். மாறுதிசை மின்சாரத்தின் அடுத்த அரைச் சுற்றில் மின்னழுத்தம் திசை மாறும்போது, சுவரில் இருக்கும் அதே மின்னூட்டம் துணைக்கு வந்து மறுபடி பற்றவைக்கும். எரியாத அறைக்கு அந்தத் துணை கிடையாது, அது இருட்டாகவே இருக்கும். அறைக்குள் ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல் இவ்வளவும் நடக்கிறது! எத்தனை முறை கரும்பலகையில் வரைந்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்போது நியானின் ஆரஞ்சு நிறம் மட்டும்தான். நிறங்களுக்கு செனான் கலந்தார்கள். அது விடும் 147 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பட்டு, அறைக்குள் பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பொடி சிவப்பாக, பச்சையாக, நீலமாக ஒளிரும். ஆனால் அயனிகள் மோதி பாஸ்பரைச் சீக்கிரம் கெடுத்தன. ஜப்பானில் ஃபுஜிட்சுவின் ஷினோடா, மின்னிறக்கம் முன்கண்ணாடியின் பரப்பை ஒட்டியே நடக்கும்படி செய்து, பாஸ்பரைப் பின்கண்ணாடிக்கு ஒதுக்கினார். 1992-இல் 21 அங்குல வண்ணத்திரை வந்தது.

நீ கண்ணாடிச் சூளையில் இருந்தவன், இனி சொல்லப்போவது உனக்குத்தான் ருசிக்கும். பின்கண்ணாடியில் கண்ணாடித்தூள் பசையைப் பூசி, உலர்த்தி, மேலே மறைப்பு ஒட்டி, மணல் வீசி அரித்து எடுப்பார்கள். மிஞ்சுவது 0.1 மில்லிமீட்டர் சுமார் உயரமுள்ள தடுப்புச் சுவர்கள். பிறகு 500 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டில் சுருங்கினால் முன்கண்ணாடியின் மின்முனைக் கோடுகளும் பின்கண்ணாடியின் கோடுகளும் பொருந்தாது. அதற்கென்றே சூடு தாங்கும் தனிக் கண்ணாடி வந்தது. முன்கண்ணாடியில் வெற்றிடத்தில் படியவைத்த மெக்னீசியம் ஆக்சைடு, ஒரு மைக்ரானுக்குள் அடங்கும் பூச்சு. அயனிகளின் அடியைத் தாங்குவதும் அதுதான், எலக்ட்ரான்களைத் தாராளமாக உதிர்த்துக் குறைந்த மின்னழுத்தத்திலேயே பற்றவைப்பதும் அதுதான். காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் குழந்தையைப் போலப் பொத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஓரங்களை ஒட்டி, சூடாக இருக்கும்போதே உள்காற்றை இழுத்து, நியான்-செனான் கலவையை நிரப்புவார்கள். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, அதனால் இரு கண்ணாடிகளும் சுவர்மேல் அழுந்தி நிற்கும். உயரமான மலைப்பகுதியில் வெளிக்காற்று மெலிந்து அந்தப் பிடி தளர்ந்தால் டிவி ரீங்கரிக்கத் தொடங்கும்!

பானசோனிக் 2013-இல் நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல். படத்தின் தரத்தில் பிளாஸ்மா தோற்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். அறைகள் சிறுக்கச் சிறுக்க ஒளித்திறன் குறைந்தது, மின்சாரச் செலவும் கூடுதல். எல்சிடி விலையிலும் எடையிலும் முந்திக்கொண்டது.

சரி, உங்கள் சூளையில் சாதாரண ஷீட் கண்ணாடி 550 டிகிரியில் எவ்வளவு சுருங்கும் என்று நினைவிருந்தால் எழுது, பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி