நலங்கு மாவும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

அன்புள்ள கண்ணுக்கு,

முகத்துக்கு மஞ்சள் எப்படிப் போடுவது என்று போனில் கேட்டாய். நீ மெட்ரோவில் நின்றுகொண்டு கேட்க, நான் குக்கர் விசிலுக்கு நடுவில் சொல்ல, பாதி காற்றில் போயிருக்கும். அதனால் எழுதிவிடுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மஞ்சளோடு எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் குழைத்துப் பூசினால் ஏழே நாளில் நிறம் ஏறும் என்று அதில் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்யாதே, சாமி. எலுமிச்சை கடும் புளிப்பு. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் பட்ட இடம் வெந்து, திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு போக மாதக்கணக்கில் ஆகும். சோடா அதற்கு நேர் எதிர், புளிப்பை முறிக்கும் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி என்பார்களே, அது). நம் தோல் லேசான புளிப்புத் தன்மையோடு இருந்தால்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடா அதைக் குலைத்துவிடும். தில்லிக் குளிருக்கு ஏற்கனவே உனக்குக் கன்னம் தோலுரிகிறது என்கிறாய். அதன்மேல் இது வேறு வேண்டுமா?

நிச்சயதார்த்தத்துக்குள் கொஞ்சம் கலர் ஏற்றிக்கொள்ளச் சொல்லி உன்னிடம் ஒருத்தி சொன்னது என் காதுக்கும் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் நிறம் அம்மாயியின் நிறம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஊரே வழி கேட்கும், வாழ்த்துக் கேட்கும். உன் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை, அதை மாற்ற ஒரு பொடியும் தேவையில்லை. மஞ்சள் யாரையும் சிவப்பாக்காது. கொஞ்ச நேரம் மஞ்சள் பூத்திருக்கும், கழுவினால் போகும், அவ்வளவுதான். நிறம் மாற்றுகிறேன் என்று வரும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருப்பதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். 2023இல் கேரளத்து மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. யார் பரிசாகக் கொடுத்தாலும் அந்த டப்பாவைத் திறக்காதே.

அப்படியானால் மஞ்சள் எதற்கு என்று கேட்பாய். காயத்துக்கும் வீக்கத்துக்கும் கைகண்ட பொருள் என்றுதான் அதற்கு நம் வீடுகளில் பேர். 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காயத்தை ஆற்றும் மஞ்சளுக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டது. நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளையும் நூல்களையும் காட்டி வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. உன் அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்வதென்றால் சோறே வேண்டாம், அவ்வளவு பெருமை. முகத்துக்கு வரும்போது மஞ்சளிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: பயற்றமாவு அழுக்கை எடுக்கும், தயிரோ பாலாடையோ தோலை மெதுவாக்கும், மஞ்சள் சின்னச் சின்னச் சிவப்பையும் எரிச்சலையும் கொஞ்சம் தணிக்கும். பருவை அடியோடு போக்கும், தழும்பை அழிக்கும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன்.

இப்போது பொடிக்கு வருகிறேன். இந்தப் பார்சலில் நலங்கு மாவு அனுப்புகிறேன். பாசிப்பயறு அரைக் கிலோ, கஸ்தூரி மஞ்சள் ஐம்பது கிராம், பூலாங்கிழங்கு அதே அளவு, ஒரு கைப்பிடி வெட்டிவேர், ஒரு கைப்பிடி ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ். பயறையும் கிழங்கையும் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போட்டேன். பூவை மட்டும் நிழலில் உலர்த்தினேன். வெயிலில் போட்டால் ஆவாரம்பூவின் நிறமும் ரோஜாவின் வாசமும் போய்விடும். அரைக்கப் போகும்போதுதான் கவனம் வேண்டும். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால், அந்த மெஷினில் போட்ட மாவை முகத்தில் வைக்கவே முடியாது. காலையில் மில் திறந்ததும் போய், அரிசி அரைக்கும் மெஷினில் முதல் ஆளாக அரைத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெள்ளை வேட்டித் துணியில் சலித்தேன். சல்லடையில் சலித்தால் வெட்டிவேரின் நார் கன்னத்தைக் கீறும். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார், திருநீறு மாதிரி இருக்கும்.

கஸ்தூரி மஞ்சளைப் பற்றி ஒரு விஷயம். கடையில் அந்தப் பெயரில் பளீரென்று மஞ்சளாக ஒரு பொடி விற்கிறார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சளை வெட்டினால் உள்ளே வெளிறிப் போய்ச் சந்தன நிறமாகத்தான் இருக்கும். மூக்கில் வைத்தால் கற்பூர வாசம் வரும், முகத்தில் கறை அதிகம் படியாது. அதைச் சமையலுக்குப் போடாதே. குழம்புக்குப் போடும் விரலி மஞ்சள் வேறு. நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது இந்த விரலியும் கிழங்கும்தான். ஒன்பது மாதப் பயிர். வெட்டி எடுத்து, கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயப்போட்டு, டிரம்மில் போட்டு உருட்டித் தோல் நீக்கி மெருகேற்றுவார்கள். மெருகேற்றும் அந்த இடத்தில்தான் சில வியாபாரிகள் கை வைப்பது. பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளபளப்புக் கொடுக்க ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசியது 2019இல் ஓர் ஆராய்ச்சியில் வெளியே வந்தது. சாப்பாட்டுக்கே ஆகாத விஷம் அது.

அதனால் தில்லியில் பொட்டலப் பொடி வாங்காதே. அவசரத்துக்கு வாங்கினால், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு ஸ்பூன் பொடியைத் தூவி, கலக்காமல் விடு. நல்ல பொடி கீழே இறங்கும், தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்ததென்றால் தண்ணீரே அடர்ந்த மஞ்சளாகிவிடும். எல்லாக் கலப்படமும் இதில் பிடிபடாது. அதற்குத்தான் முழுக் கிழங்காகவும் கொஞ்சம் வைத்திருக்கிறேன், கல்லில் உரசிக்கொள்ளலாம்.

போடும் விதம் சுலபம். இரண்டு டீஸ்பூன் நலங்கு மாவு, புளிக்காத தயிர் ஒரு டீஸ்பூன், தேவைப்பட்டால் காய்ச்சி ஆறின பால் கொஞ்சம். தோசை மாவுப் பதம் வரும்வரை குழை. மாவிலேயே கஸ்தூரி மஞ்சள் இருக்கிறது, மேலே போட வேண்டாம். மாவு தீர்ந்து கடலை மாவில் செய்தால் மட்டும் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர். சிட்டிகை என்றால் இரண்டு விரலுக்குள் வருவது. மார்கழி, தையில் தயிருக்குப் பதில் பாலாடையும் அரை ஸ்பூன் தேனும் போடு, தோல் இழுக்காது. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம்.

முழுக்கக் காயும்வரை வைத்திருக்கிறார்களே, அது தப்பு. ஓரம் வெளுக்க ஆரம்பித்ததும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், தண்ணீர் தொட்டு ஈரமாக்கி மெதுவாகக் கழுவு. காய்ந்து இறுகின பிறகு உரித்தால் தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். தேய்க்காதே, சோப்பும் போடாதே. துடைத்த ஈரத்தோடு உன் கிரீமைப் போட்டுக்கொள். வாரத்துக்கு ஒரு நாள் போதும், ராத்திரியில் போடு. காலையில் வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் கண்டிப்பாக வேண்டும். வெயிலில் முகம் கறுப்பதை அதுதான் தடுக்கும், மஞ்சள் தடுக்காது.

முகத்தில் மஞ்சள் நின்றுவிட்டால் பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடை. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். துண்டில் பட்ட கறை சோப்பு பட்டதும் சிவந்தால் பயந்துவிடாதே. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்குமே, அதே வேலைதான். அலசி வெயிலில் போட்டால் தானாக வெளுத்துவிடும். ஆனாலும் அன்றைக்குப் பழைய தலையணை உறையையே போட்டுக்கொள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்வது. முதல் தடவை முகத்தில் போடாதே. குழைத்ததை முழங்கையின் உள்பக்கம் காசளவு தடவி, கழுவிவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பார். அரித்தாலோ தடித்தாலோ உனக்கு அது ஆகாது, விட்டுவிடு. இயற்கையாக விளைந்தது என்பதற்காக எல்லார் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமை தரும், பயற்றமாவும் தரும். பருவுக்கு டாக்டர் கொடுத்த கிரீம் போடுகிறாய் அல்லவா? அதனால் தோல் சுலபமாக எரிச்சல்படும் நிலையில் இருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு மாவை எடு. சீழ் வைத்த பருவின் மேல் எந்த மாவும் வேண்டாம்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் புதிதாக எதையும் முகத்தில் பூசிப் பார்க்காதே. நீ ஊருக்கு வந்ததும் நலங்குக்கு நானே அரைத்து வைக்கிறேன். தன் கையால்தான் பூசவேண்டும் என்று உன் பெரியம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.

மாவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈரக் கை படாமல், உலர்ந்த ஸ்பூனால் எடு. குழைத்ததை ஃபிரிஜ்ஜில் வைத்து மறுநாள் போடக்கூடாது, மிச்சமானால் கைக்கும் கழுத்துக்கும் பூசிவிடு. மேலே சிவப்பு மூடி போட்ட டப்பா சாம்பார்ப் பொடி, பச்சை மூடிதான் நலங்கு மாவு. அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதே கண்ணு. பார்சல் வந்ததும் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா