ரஷ்யன் போதுமான்னு கேட்டியே

கண்ணா,

நல்லா இருக்கியா, சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆகுதா. போன வாரம் ஃபோன்ல கேட்டியே, "அம்மா நீதான் ரஷ்யன் படிச்சவளாச்சே, இங்க எஸ்டோனியாவுல, தாலின்ல எங்க லாஸ்னமேய் ஏரியால கடை, பஸ், லிஃப்ட்னு எங்க போனாலும் ரஷ்யன்தான் காதுல விழுது, ஆபீஸ்ல இங்கிலீஷ் போதும், அப்போ பேசாம ரஷ்யனையே கத்துக்கவா, எஸ்டோனியன் எதுக்கு"ன்னு. ஃபோன்ல சொன்னா மீட்டிங் வந்துருச்சுன்னு வெச்சிடுவ, அதான் டைப் பண்றேன், நிதானமா படி.

ரஷ்யன் எனக்குப் பிடிச்ச மொழி, அதை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். எங்க காலேஜ் காலத்துல சோவியத் புக்கெல்லாம் தமிழ்லயே கம்மி விலைக்கு வரும், அதைப் படிச்சுட்டுத்தான் மெட்ராஸ்ல ரஷ்யன் கிளாஸ்ல சேர்ந்தேன். அது பரவிக் கிடக்குற இடத்தை மேப்புல பாரு, பால்டிக் கடல்ல ஆரம்பிச்சு கிழக்குக் கோடி கம்சாட்கா வரைக்கும் ரஷ்யாவுக்குள்ளயே 11 டைம் சோன், அதைத் தாண்டி பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தான்லயும் அரசாங்க அந்தஸ்து இருக்கு, இஸ்ரேல், ஜெர்மனின்னு போன இடத்துலயும் லட்சக்கணக்குல பேசறாங்க, ரெண்டாவது மொழியா பேசறவங்களையும் சேர்த்தா சுமார் 25 கோடி பேர். எஸ்டோனியன் உலகம் பூரா சேர்த்தும் சுமார் 11 லட்சம்தான்டா. நம்ம மதுரையில இருக்குற ஜனம் அதைவிட அதிகம். ஃபின்லாந்துக்கு வேலைக்குப் போனவங்க, 1944ல ரஷ்யப் படை திரும்பி வருதுன்னு படகுல ஏறி ஸ்வீடனுக்குத் தப்பிச்சு அங்கிருந்து கனடா வரைக்கும் போன குடும்பங்க, இவங்களை விட்டா அந்த மொழிக்கு நீ இருக்குற அந்த நாடு மட்டும்தான். பள்ளிக்கூடம், கோர்ட், ஆஸ்பத்திரி, பார்லிமென்ட் எல்லாம் எஸ்டோனியன்ல நடக்குற இடம் பூமியில அது ஒண்ணுதான்.

சரி, அப்போ அங்க இவ்வளவு ரஷ்யன் எப்படி வந்துச்சுன்னு நீ யோசிக்கணும். 1934 கணக்கெடுப்புல அந்த நாட்டுல எஸ்டோனியர்கள் 88 சதவீதம், 1989ல எடுத்தப்போ 61தான். நடுவுல சோவியத் ஆட்சியில என்ன ஆச்சுங்கறதுக்கு நார்வா ஒரு ஊர் போதும். மேப்புல பார்த்தா நார்வா ஆறுதான் எல்லை, இந்தக் கரையில ஹெர்மன் கோட்டை, எதிர்க்கரையில ரஷ்யாவோட இவான்கோரட் கோட்டை, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுப் பார்த்துட்டு நிக்கும். ஆனா மொழிக்கு எல்லை அந்த ஆறு இல்ல, அது இன்னும் மேற்க தள்ளி இருக்கு. நார்வாவுல பத்துல ஒன்பது வீட்டுல ரஷ்யன்தான். 1944 மார்ச்ல சோவியத் விமானங்க குண்டு போட்டதுல பழைய ஊர் தரைமட்டமாச்சு, ஜனங்க அதுக்கு முன்னாடியே வெளியேறியிருந்தாங்க, சண்டை முடிஞ்சு அவங்க திரும்ப வரப் பார்த்தப்போ பெரும்பாலானவங்களை விடல, ஃபேக்டரிகளுக்கு ரஷ்யாவுல இருந்து ஆள் கொண்டு வந்து குடியேத்துனாங்க. பக்கத்துல சில்லமேய்ல யுரேனிய வேலை நடந்ததால அந்த ஊரையே வெளியாள் நுழைய முடியாம மூடி வெச்சிருந்தாங்க. இன்னொரு பக்கம் 1949 மார்ச்ல சில நாளுக்குள்ள 20,000 பேருக்கு மேல சைபீரியாவுக்கு ரயில்ல ஏத்தி அனுப்பிட்டாங்க, அதுல பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைப் பிசையுது.

ஆனா ஒண்ணு, அங்க ரஷ்யன் பேசறவங்க எல்லாரும் அப்படி வந்தவங்கன்னு நினைச்சுடாத. பெய்புஸ் ஏரிக்கரையில பழைய விசுவாசிகள்னு ஒரு கூட்டம் இருக்கு, 17ஆம் நூற்றாண்டுல ரஷ்ய சர்ச் சடங்குகளை மாத்துனப்போ ஒத்துக்காம ஓடி வந்து அங்க தங்குனவங்க, இன்னைக்கும் வெங்காயம் போட்டுப் பிழைக்கறாங்க, அந்த ஊர்ப் பக்கம் போனா வழி நெடுக வெங்காயச் சரம் கட்டித் தொங்கவிட்டு விப்பாங்களாம். லீவுல போனா எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பு. உன் பில்டிங்ல இருக்குற வயசானவங்களும் ஃபேக்டரி வேலைன்னு சொன்னதும் மூட்டை கட்டிட்டு வந்தவங்கதான், அரசாங்கம் போட்ட கணக்குக்கு அவங்களைக் குத்தம் சொல்றது நியாயமே இல்ல. நாடு 1991ல திரும்ப சுதந்திரம் ஆனப்புறம் எத்தனையோ பேருக்கு குடியுரிமை கிடைக்காம, குடிமகன் இல்லாதவங்களுக்குக் கொடுக்குற சாம்பல் கலர் பாஸ்போர்ட்டோட நின்னாங்க, குடியுரிமை வேணும்னா எஸ்டோனியன்ல பி1ங்கற நடுத்தர நிலைப் பரீட்சை பாஸ் பண்ணணும், அறுபது வயசுல அது லேசு இல்ல. இப்போ 2024 செப்டம்பர்ல இருந்து ரஷ்யன் மீடியம் ஸ்கூல்களை எஸ்டோனியனுக்கு மாத்திட்டு வராங்க, 1ஆம் வகுப்பும் 4ஆம் வகுப்பும் முதல்ல, 2030க்குள்ள முழுசா. அது தேவைதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா ஒரே ஊர்ல பிறந்து வளர்ந்து ஒருத்தரோட ஒருத்தர் பேச முடியாம ரெண்டு கூட்டமா இருக்குறது யாருக்கும் நல்லதில்ல, ஆனா நார்வா மாதிரி ஊர்ல வெளியில எஸ்டோனியன் காதுலயே விழாம அந்த பத்து வயசுப் பிள்ளை கணக்குப் பாடத்தை அதுல படிக்கணும், டீச்சரும் கிடைக்கணும், அந்தக் கஷ்டத்தை யாரும் சின்னதா நினைக்கக் கூடாது.

அதனால நீ எஸ்டோனியன் கத்துக்கோ கண்ணா. ரஷ்யன் உனக்கு எங்க போனாலும் கிடைக்கும், அதைக் கத்துக்க அந்த நாட்டுக்குப் போகணும்னே இல்ல. 14 வேற்றுமைன்னு சொல்லி பயமுறுத்துவாங்க, பயப்படாத, நாம வீட்டுல, வீட்டுக்கு, வீட்டுலேர்ந்துன்னு சொல்லோட கடைசியில ஒட்டுறோமே, அதே வேலைதான். ஆண்பால் பெண்பால் தொல்லை கிடையாது, ரஷ்யன்ல அதுக்குத்தான் நான் ரெண்டு வருஷம் அழுதேன். எழுத்தும் இங்கிலீஷ் எழுத்துதான், கூட ஆறு சேரும், அவ்வளவே. அரசாங்கமே தாலின்ல எஸ்டோனிய மொழி இல்லம்னு ஒண்ணு 2019ல திறந்திருக்கு, அங்க போய் உனக்கு எந்த கிளாஸ் கிடைக்கும்னு கேளு. உன் மாடியில ஒரு பாட்டி இருக்காங்கன்னு சொன்னியே, அவங்களைப் பார்த்தா ஸ்த்ராஸ்துவுய்த்தேன்னு ரஷ்யன்ல வணக்கம் சொல்லிட்டுப் போ, அதுக்கு கிளாஸ் வேண்டாம், நானே ஃபோன்ல சொல்லித் தரேன்.

சனிக்கிழமை கூப்பிடு, கிளாஸ் எப்போ ஆரம்பம்னு சொல்லு. அப்பா உன் பேங்க் பேப்பரை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கார், வந்துச்சான்னு பாரு.

அம்மா