படத்தைக் கொழுவ ஒரு சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், யாழ்ப்பாணத்துச் சனம் கலியாண வீட்டு அல்பத்தைத் தவிர வேறு படம் பார்க்காது, கண்காட்சி வைத்தால் வைத்தவரின் இனசனம்தான் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும் என்று எழுதியிருந்தார். நான் அந்தக் கலியாண வீட்டு அல்பத்தால் சோறு தின்கிறவன். இணுவிலில் அப்பா தொடங்கிய சின்ன ஸ்ரூடியோவை இன்றைக்கும் நடத்துகிறேன். கண்காட்சியும் வைத்துப் பார்த்தாயிற்று. தேத்தண்ணி விஷயத்தில் அவர் சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனக்குப் பட்டதைச் சொன்னால், இங்கே பஞ்சம் சுவருக்கு.

கலியாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி எதுவும் இல்லாத நாட்களில் நான் வேலிகளைப் படம் எடுக்கப் போவேன். இது ஐந்தாவது வருடம். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை என்று வீட்டுக்காரி சொல்லுவா. அவவைக் குறை சொல்ல முடியாது. விடியப்புறம் ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டு, ஒரு சதம் வருமானம் இல்லாமல் எட்டு மணிக்குத் திரும்பி வருகிற மனுசனை வேறு எப்படிச் சொல்லுவது? ஊர் ஊராகப் போய் வேலிக்கு முன்னால் கமராவோடு குந்தியிருந்தால், கேட்கிற முதல் கேள்வி "தம்பி, கனடாக்காரருக்குக் காணி பார்க்கிறீரோ?" என்பதுதான்.

அந்த விடியல் நேரத்தில்தான் வேலியின் முகம் தெரியும். வெயில் சரிவாக வரும்போது கிடுகின் ஒவ்வொரு பின்னலும் தனித்தனியே எழும்பி நிற்கும். ஓட்டைகளுக்குள்ளால் வருகிற வெளிச்சம் ஒழுங்கைப் புழுதியில் புள்ளி புள்ளியாய் விழும். பனையோலை வேலியில் நிழல் கத்தியால் வெட்டினது போல இருக்கும்; பனைமட்டை வேலியில் கோடு கோடாய் ஓடும். எட்டு மணி கடந்தால் எல்லாம் தட்டை. வேலிக்கு நட்டுத் தளிர்க்க விடுகிற கம்புகள், அதுதான் கதியால்கள், அவையும் அப்படித்தான். கிளுவைக்கு ஒரு முகம், பூவரசுக்கு ஒரு முகம், முள்முருக்குப் பூக்கிற காலத்தில் வேலியே தெரியாது, சிவப்பு மட்டும்தான். நெடுந்தீவில் ஓலையும் இல்லை, கயிறும் இல்லை. கடற்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விட்டிருக்கிறார்கள், சாந்து கூடக் கிடையாது. அங்கே போவதென்றால் குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நின்று, காற்றடித்தால் கமராப் பையைச் சொப்பிங் பையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேலி அடைக்கிற படம். இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளுக்கு ஒருவர், வெளியில் ஒருவர். உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்தி விடுவார். வெளியே நிற்பவர் அதை வாங்கி, குறுக்கே பிடித்த வரிச்சுத் தடியைச் சுற்றி, திருப்பிக் குத்துவார். ஒருவரின் முகம் மற்றவருக்குத் தெரியாது. கதை மட்டும் நடந்துகொண்டிருக்கும். கோண்டாவிலில் அப்படி ஒரு படம் கிடைத்தது. ஓலைக்கு நடுவே ஊசியின் முனை, அதை வாங்க வருகிற இரண்டு விரல், அவ்வளவுதான். அதற்கு மூன்று விடியல் போனது. மூன்றாம் நாள் அவர்கள் என்னிடமும் ஒரு குத்தூசியைத் தந்து வேலை வாங்கிவிட்டார்கள்.

இப்போது எங்கும் தகரம், இல்லாவிட்டால் மதில். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஓலை வாங்கி, கூலி கொடுத்து, திரும்பத் திரும்ப வேலி அடைக்க யாரால் முடியும்? என் வீட்டைச் சுற்றியும் மதில்தான்.

போன வருடம் இன்னொரு வேலையைத் தொடங்கினேன். கதியாலின் இலைகளையே படமாக்குவது. சயனோடைப் என்று ஒரு பழைய முறை, 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. பெரிக் அமோனியம் சிற்றேற்று, பொட்டாசியம் பெரிசயனைட்டு என்ற இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, சம அளவில் கலந்து, தடித்த கடதாசியில் பூசி இருட்டில் காயவிட வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் ஒரு கிளுவை இலையை வைத்து, கண்ணாடியால் அமத்தி, வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு தண்ணீரில் கழுவினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாய் நிற்கும். கமரா வேண்டாம், லென்ஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சித்திரையில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கிற நாட்களில் எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. மார்கழி மப்பில் முக்கால் மணித்தியாலம் வைத்தும் சாம்பல் நீலம்தான்.

1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதபோது அப்பாவும் வெயிலைத்தான் நம்பியிருந்தார். இருட்டறையின் யன்னல் பலகையில் ஒரு ஓட்டை போட்டு, வெளியே முகம் பார்க்கிற கண்ணாடியைச் சரித்துப் பிடித்து, வெயிலை உள்ளே திருப்பி அடையாள அட்டைப் படம் போட்டார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது நான். மேகம் மறைத்தால் "நிப்பாட்டுங்கோ" என்று கத்த வேண்டும். அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு போயின. அது வேறு கதை.

சயனோடைப்பில் எனக்கு முதலில் எல்லாம் பிழைத்தது. கழுவும்போது நல்ல நீலம் வரும். கொஞ்ச நேரத்தில் வெளிறி விளிம்பெல்லாம் மஞ்சளாகிவிடும். மருந்து பழசாக்கும் என்று நினைத்தேன். கடதாசியை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பிழை கிணற்றில். எங்கள் நிலம் சுண்ணக்கல், தண்ணீரில் சுண்ணாம்பு. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான். இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. வாளித் தண்ணீரில் இரண்டு தேசிக்காயைப் பிழிந்து விட்டுக் கழுவினேன், நீலம் நின்றது. கடைசிக் கழுவலுக்கென்று இப்போது மாரி மழையில் ஒரு பீப்பாய் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் கால் கழுவப் போய் மகன் வாங்கின ஏச்சு அவனுக்குத்தான் தெரியும்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். 400க்கு மேற்பட்ட வேலிப் படங்களில் இருந்து 18ஐத் தெரிய இரண்டு மாதம் எடுத்தது. நல்லது என்று நான் நினைத்தவற்றைச் சின்னதாக அடித்து ஸ்ரூடியோச் சுவரில் ஒட்டிவிட்டேன். அடையாள அட்டைப் படத்துக்கு வந்தவர்கள் காத்திருக்கிற நேரத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். சூரிய உதயத்தோடு ஒரு படம், நானே மெச்சிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றிவிட்டேன்.

அளவு அடுத்த தலையிடி. என் கமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பார்த்தால் 20 அங்குல அகலத்தோடு நிற்பது நல்லது. "பனர் மாதிரி ஆறடியில அடியுங்கோ அண்ணை, தூர நின்டு பாக்கலாம்" என்றார் அச்சடிக்கிற தம்பி. கிட்டப் போய் ஈர்க்கை எண்ண வேண்டிய படத்தைத் தூர நின்று பார்த்து என்ன பயன்? 18க்கு 12 அங்குலமாகவே அடித்தேன்.

பிறேம் போடுகிற கடையில் சாமிப் படமும் செத்தவர் படமும்தான் வழக்கம். கடைக்காரர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதில ஆள் எங்கை?" என்று கேட்டார். பொன் நிறப் பூவேலைச் சட்டம் வேண்டாம், மெல்லிய கறுப்புச் சட்டம் போதும், படத்தைச் சுற்றி இரண்டரை அங்குலம் வெள்ளை அட்டை வேண்டும், கண்ணாடி படத்தில் முட்டக் கூடாது என்று சொன்னேன். காசில்லாமல் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, விலையைக் குறைத்துத் தந்தார். கண்ணாடி முட்டக் கூடாது என்பது சும்மா நொட்டை இல்லை. மாரியில் ஈரம் ஏறினால் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். அம்மா அப்பாவின் கலியாணப் படத்தைப் பிறேமில் இருந்து கழற்றப் பார்த்து, பாதி முகத்தைக் கண்ணாடியில் விட்டவர்களுக்கு இது விளங்கும்.

இவ்வளவும் செய்து ஒரு பொது மண்டபத்தை மூன்று நாளுக்கு எடுத்தேன். பெயர் வேண்டாம். ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள். கொழுக்கி ஏதும் இருக்கிறதா? இல்லை. யன்னல் கம்பியில் கயிறு கட்டலாமா? திரைச்சீலையைக் கழற்றக் கூடாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் ஒட்டச் சொன்னார்கள். டிஸ்டெம்பர் பூசின சுவர், சித்திரை வெக்கை. முதல் நாள் இரவே நாலு படம் விழுந்து நொறுங்கிவிட்டது. குத்தூசிப் படமும் அதில் ஒன்று. கண்ணாடித் துண்டு கீறி நடுவால் கிழிந்திருந்தது. மிச்சத்தைப் பிளாஸ்ரிக் கதிரைகளில் சாத்தி வைத்தேன். குனிந்து பார்த்த வயது போனவர்கள் நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

வெளிச்சம் ரியூப் லைட். எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடும் பார்க்கிறவரின் மூஞ்சியும்தான். நேரம் காலை ஒன்பது முதல் பின்னேரம் நாலரை வரை. வேலைக்குப் போகிறவர் எப்போது வருவது? முதல் நாளில் பாதியைத் திறப்பு விழா தின்றது. மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, பிறகு சிறப்பு விருந்தினர் இருவர். உரைகள் முடிய அவர்கள் வாகனத்தில் ஏறிவிட்டார்கள். படங்கள் அடுத்த அறையில் இருந்தன.

அந்த வருடம் ஆவணியில் ஒரு ஞாயிறு, எங்கள் ஒழுங்கையில் மிச்சமிருக்கிற ஒரேயொரு கிடுகு வேலியில், தப்பிய பதினாலு படத்தையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கூசி நைலோன் நூலால் கட்டிவிட்டேன். அழைப்பிதழ் இல்லை, விருந்தினர் இல்லை. சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். ரியூசன் முடிந்து வந்த பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்தார்கள், பிறகு இறங்கினார்கள். ஒருவர் ஆறாம் படத்தைக் காட்டி, கதியால் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்று சொல்ல, பக்கத்தில் நின்றவர் மறுக்க, எப்போதோ முடிந்த ஒரு வேலி வழக்கு அந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கிவிட்டது. மண்டபத்துக்கு மூன்று நாளில் வந்ததைவிட அந்த ஒரு காலையில் வந்த சனம் கூட.

ஒரு ஆச்சி ஏழாம் படத்தடியில் நின்றவ நகரவே இல்லை. வேலியில் ஒரு ஆள் நுழையக்கூடிய பொட்டு, அதுதான் படம். "இது எங்கட பொட்டெல்லே? இதுக்குள்ளால குனிஞ்சு போனால் அக்கா வீட்டு அடுப்படி" என்றா. அது புங்குடுதீவில் எடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பிறகு அவவே கீழே ஒட்டியிருந்த துண்டை வாசித்துவிட்டா. "ஓமோம், புங்குடுதீவு" என்றா. நிற்பதை மட்டும் விடவில்லை.

பத்தரைக்குள் வெயிலில் படங்கள் சுருளத் தொடங்கிவிட்டன. இரண்டில் காகம் தன் கருத்தையும் எழுதிவிட்டுப் போனது. வேலி ஒரு காலைக்குத்தான் சரிவரும்.

நகரத்தில் இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கலைத்தூது கலாமுற்றத்தில் நல்ல ஓவியங்கள் பார்த்திருக்கிறேன். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் 2023இல் திறந்த பெரிய கலாசார நிலையம் இருக்கிறது. ஆனால் காரைநகரில் இருக்கிறவரோ பருத்தித்துறையில் இருக்கிறவரோ வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவாரா? தவிலுக்கும் நாதசுரத்துக்கும் எங்கள் ஊரில் யாரும் மண்டபம் தேடவில்லை, கோயில் வீதி இருந்தது. தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட சனம் மணலில் இருந்துதான் கேட்டது. கூத்துக்கு வெளி இருந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தவர்கள்தான் இன்றைக்கு மண்டபத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆணி அடிக்க விடுகிறார்கள் இல்லை.

பிரதேச சபைகளிடமும் சனசமூக நிலையங்களிடமும் நான் கேட்பது இதுதான். வாசிகசாலையில் ஒரு சுவரைப் படத்துக்கு விடுங்கள். கூரையை ஒட்டி ஒரு இரும்புச் சட்டம், அதில் நகர்த்தக்கூடிய கொழுக்கிகள், கொழுக்கியில் இருந்து தங்கூசி. ஒருமுறை பூட்டினால் பிறகு சுவரில் ஒரு ஓட்டையும் விழாது. படத்தின் நடு, நிலத்தில் இருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வரட்டும். ஒருவரும் நாரியைப் பிடிக்கத் தேவையில்லை. வெளிச்சம் மேலிருந்து சரிவாக விழட்டும். இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். மாதம் ஒருவர் கொழுவலாம்: பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சித்திரம், பழைய குடும்பப் படங்கள், கைத்தொலைபேசியில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பேப்பர் பார்க்க வருகிறவர் தலையை நிமிர்த்தினால் போதும்.

எங்கள் சனசமூக நிலையத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். வருகிற தையில் செய்யலாம் என்கிறார், ஆனால் பிரதம விருந்தினர் இல்லாமல் எப்படி என்று கவலைப்படுகிறார். பேசிப் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம்: விளக்கு ஏற்றலாம், உரை ஒன்று மட்டும், அதுவும் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு. சட்டம், கொழுக்கி, தங்கூசி, துளை போடுகிற மெசின் எல்லாம் என் செலவு. குத்தூசிப் படத்தைத் திரும்ப அடித்து வைத்திருக்கிறேன். செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது.

இப்படிக்கு,
ஒரு ஸ்ரூடியோக்காரன்,
இணுவில்.