பின்னால் இணைத்த ஒரு தாள்: மும்பைத் தமிழ்ச் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் தமிழ் மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், முதல்வர்களுக்கும், அட்மிஷன் கமிட்டியில் உட்காரும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தாராவியில் 90 அடிச் சாலைப் பக்கம் சாயங்காலம் புக் கீப்பிங் (கணக்குப் பதிவு), எக்கனாமிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். மே, ஜூன் வந்துவிட்டால் பாடத்தைவிட அட்மிஷன் படிவம் நிரப்புவதுதான் பெரிய வேலை. 15 வருஷமாக உங்கள் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சாதி, மதம், தாய்மொழி, விளையாட்டு, என்.சி.சி. என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பன்னிரண்டாவது படிக்கும்போது இந்தப் பிள்ளை படுத்த படுக்கையாகக் கிடந்தது என்று எழுத மட்டும் இடமில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம். பத்தாவதில் 84 சதவீதம். பதினொன்றில் வகுப்பிலேயே இரண்டாவது. பன்னிரண்டாவது செப்டம்பரில் இருமல் ஆரம்பித்தது. மழை விட்டு வெயில் ஏறுகிறது, அதனால்தான் என்று அவள் அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு. நவம்பர் நடுவில் காசநோய் என்று தெரிந்தபோது அவள் எடை 36 கிலோ. எடைக்குத் தகுந்தபடிதான் மாத்திரைக் கணக்கு, அவளுக்குத் தினம் 3. முதல் 2 மாதம் நான்கு மருந்து கலந்தது, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து கலந்தது. காலையில் வெறும் வயிற்றில் போட்டால் பத்து மணிவரை குமட்டிக்கொண்டே இருக்கும்.

என் டியூஷன் நடப்பது மாடியில். ஏறுவதற்கு 11 படி வைத்த இரும்பு ஏணி. டிசம்பரில் திரும்ப வர ஆரம்பித்தவள், ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள். மருந்து தொடங்கி இரண்டு வாரம் போனால் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் வந்து குசுகுசுத்துவிட்டுப் போனார்கள். அது அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு நாள் ஏறவே இல்லை. ஏணிக்குக் கீழே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டீச்சர், எனக்குக் கேக்குது" என்றாள். பார்ட்னர்ஷிப் ஃபைனல் அக்கவுண்ட்ஸ் கணக்கை நான் மேலிருந்து கத்த, அவள் கீழிருந்து எழுதினாள்.

பிப்ரவரியில் பரீட்சை. 58 சதவீதம் வந்தது.

பி.காம் விண்ணப்பத்தோடு ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி, பத்தாவது, பதினொன்றாவது மார்க் ஷீட்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தோம். ஒரு கல்லூரிக் கவுண்டரில் இருந்தவர், "எக்ஸ்ட்ரா பேப்பர் நகோ" (வேண்டாம்) என்று பின்னைப் பிடுங்கி, அந்தத் தாளை மட்டும் அவளிடமே நீட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த பட்டியலில் அது இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மறுபடி எழுதி மார்க்கை ஏற்றலாமே? எழுதலாம். ஆனால் துணைத்தேர்வு முடிவு வருவதற்குள் நல்ல கல்லூரிகளில் இடம் நிரம்பிவிடுகிறது. ஒரு வருஷம் பொறுக்கலாமே? எங்கள் சந்தில் ஒரு வருஷம் வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். திருநெல்வேலியில் மாமா பையன் எப்போதும் ரெடி.

பொய்ச் சான்றிதழ் வரும் என்பீர்கள். வரும்தான். காசு கொடுத்தால் எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். அதனால் வெறும் டாக்டர் சீட்டை நம்பச் சொல்லவில்லை. காசநோய்க்கு மருந்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நிக்ஷய் என்ற அரசுப் பதிவேட்டில் ஒரு எண் உண்டு, மருந்து ஆரம்பித்த தேதி, முடித்த தேதி எல்லாம் பதிவில் இருக்கும். அதை வைத்துத்தான் அரசு சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கியில் போடுகிறது. 2018இல் 500ஆக ஆரம்பித்ததை 2024 நவம்பரில் ஏற்றினார்கள். டயாலிசிஸ், கீமோ என்று வேறு நோய் என்றாலும் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் தேதி இல்லாமல் இருக்காது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது 40 சதவீதமும் அதற்கு மேலும் நிலைத்த குறைபாடு உள்ளவர்களுக்கு. ஆறு மாதம் கிடந்து எழுந்தவர்கள் அதில் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். இந்த மாநிலத்தில் நாம் சிறுபான்மை என்பதால்தானே தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று பாதி இடங்களை வைத்திருக்கிறீர்கள்? மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே 20 சதவீதத்துக்கு மேல் சரிந்து, அதே மாதங்களில் சிகிச்சைப் பதிவும் இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசுங்கள். மெரிட் பட்டியலில் விதி இடம் தராது என்றால், மேனேஜ்மென்ட் கோட்டாவில் யாருக்கு இடம் என்று தீர்மானிப்பது நீங்கள்தானே, அதில் இரண்டு இடம் எடுத்து வையுங்கள். நோயின் பேர் கமிட்டி அறையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தாளை எழுதும்போது அவள் என்னிடம் கேட்டது, "நிமோனியான்னு போட்டுடலாமா டீச்சர்?"

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, காசநோய் என்று தன் கையெழுத்திலேயே எழுதினாள். இந்த வாரம் உங்களில் இன்னொருவர் கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். அந்தத் தாள் இந்தத் தடவையும் பின்னால் இருக்கும். கவுண்டரில் இருப்பவரிடம் அதைப் பிடுங்க வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர்