வாவியில் பாய் விரிக்க ஓர் இடம் தாருங்கள்

மட்டக்களப்பு மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நமது வாவியில் இளைஞர்களுக்கென்று ஒரு பாய்ப்படகுக் கழகம் தொடங்கச் சபை இடம் ஒதுக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். கூடவே இன்னொன்று: கழகத்தின் முதல் வேலை படகு வாங்குவதாக இருக்கக்கூடாது. இந்தத் தண்ணீரில் தோணி விட்டவர்களின் வரலாற்றைத் திரட்டி எழுதுவதாக இருக்க வேண்டும்.

1602இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கித்தான் கண்டி மன்னனைப் பார்க்கப் போனார். போர்த்துக்கேயரின் கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்கு வாவிக்கரையில் சிலை உண்டு. வந்தவர்களின் பெயரும் ஆண்டும் நமக்கு மனப்பாடம். நம்முடைய தோணிக்காரர்களைப் பற்றி நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனதை அந்த ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது.

நம் கதை வேறு மாதிரி. வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே நெல்லும், நோயாளியும், பள்ளிக்கூடப் பிள்ளையும், மண்டூர் முருகன் கோயிலுக்குப் போகும் சனமும் தண்ணீர் வழியாகவே போய் வந்த காலம் இருந்தது. மண்முனைத்துறையில் மோட்டார் சைக்கிளை உருட்டிப் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏற்றி, ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றே அக்கரை போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2014இல் அங்கே பாலம் திறந்தது. பாலம் வேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பாதை ஓட்டியவர்களிடம் இருந்த அறிவை யார் வாங்கி வைத்தோம்?

அந்த அறிவு கழகத்துக்குக் கட்டாயம் வேண்டும். வாவி 56 கிலோமீற்றர் நீளம், ஆனால் ஆழமில்லை. அடியில் நீண்ட பலகை நிலையாகப் பொருத்திய படகு இங்கே தரை தட்டும். தூக்கி இறக்கும் நடுப்பலகை உள்ள சிறு படகுதான் சரி. எங்கே தண்ணீர் முழங்காலளவு, கண்டல் வேர் எங்கே கிடக்கிறது, மாரியில் வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டியபின் நீரோட்டம் எப்படி இழுக்கும், கச்சான் காற்று எழும்பும் நாளில் எந்தக் கரையை அண்டிப் போக வேண்டும்? இதெல்லாம் வலை வீசும் ஐயாமாருக்குத் தெரியும். அவர்களே முதல் பயிற்றுநர்களாக இருக்கட்டும், உரிய சம்பளத்தோடு.

இன்னொரு கவலையும் உண்டு. போர்க்காலத்தில் வாவியில் இறங்கவே பயந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியை அடித்துப் போனபின் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடவே மனம் வராத வீடுகள் பல. நீந்தத் தெரியாமல் வாவிக்கரையில் வளரும் பிள்ளைகளைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. ஆகவே நீச்சலும் உயிர்காப்பு அங்கியும் முதல் பாடம், பெண்பிள்ளைகளுக்கும் சமமாக.

பெரிய கட்டிடம் வேண்டாம். படகு இறக்க ஒரு சரிவும், மழைக்கு மூடி வைக்க ஒரு கொட்டிலும் போதும். மீனவர் சங்கங்களைக் கேட்காமல் இடம் குறிக்காதீர்கள். வலை போடும் இடத்தில் பாய்ப்படகு விட்டால் சண்டைதான் வரும். மீனவர் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். இடம் முடிவாக நாளெடுக்கலாம், சரி. ஆனால் வயதானவர்களின் குரலைப் பதிவு செய்யும் வேலையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அதை ஒரு கைபேசியோடு நாளைக்கே தொடங்கலாம்.

அன்புடன்,
கல்லடிவாசி ஒருவர்