ஆண்டறிக்கை 2024–25: இணையதளமும் உறுப்பினர் பதிவேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு தாலுகாக்களிலிருந்தும் வந்திருக்கும் நம் கட்டடப் பொறியாளர் சங்க நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி. அவர்களைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுவும் தவறாமல் கூடியது. செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தன்று மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயலாளராக என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது நம் இணையதளம்தான். அதனால் இந்த அறிக்கையிலும் அதற்கே அதிக இடம்.

பழைய தளம் எப்படி இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். முகப்பில் ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த ஒரு அசையும் படம் இருந்தது. 2020 இறுதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றுபோனதால் அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் தெரிந்தது. பாதுகாப்புச் சான்று இல்லாததால் 2018 முதலே குரோம் உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் ‘பாதுகாப்பானதல்ல’ என்று வந்துகொண்டிருந்தது. பழைய சுற்றறிக்கைகள், எந்தக் கருவியிலும் தமிழைச் சரியாகக் காட்டும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் தமிழ் ஒரு வரிகூட வராது, ஏதோ குறிகளாகத்தான் தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர எழுத்துமுறையாக ஏற்று அறிவித்ததே 2010இல். நாம் அதற்குப் பிறகும் பல வருடங்கள் பழைய முறையிலேயே அடித்துக்கொண்டிருந்தோம்.

இவற்றையெல்லாம் மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்த நேரத்தில்தான், கோடையில் ஒரு நாள் காலை தளமே காணாமல் போனது. தளத்தின் இணைய முகவரியை (டொமைன்) புதுப்பிக்கும் தேதி முடிந்திருந்தது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் நமக்கு வரவில்லை. ஏனென்றால் முகவரி நம் சங்கத்தின் பெயரிலேயே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் தளம் செய்துகொடுத்தவர் அதைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். அவர் தொழிலை விட்டு வெளியூர் போய்விட்டார், பழைய எண்ணும் வேலை செய்யவில்லை. காலாவதியான பிறகும் சில வாரங்கள் பழைய உரிமையாளரே புதுப்பித்துக்கொள்ளலாம், அதன் பின் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதை அந்த வாரத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருடைய உறவினர் ஒருவர் மூலம் ஆளைப் பிடித்து, காலக்கெடுவுக்குள் முகவரியை நம் பெயருக்கு மாற்றி வாங்கினோம். அந்த இரண்டு வாரமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. சங்கத்தின் பெயர் வேறு யார் கைக்கோ போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இப்போது முகவரியும், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் சங்கத்தின் பெயரில், செயலாளர் பதவிக்கென்று உருவாக்கிய மின்னஞ்சலில் இருக்கின்றன. ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் பொருளாளரின் பெட்டியில் இருக்கின்றன. பொறுப்பு கைமாறும்போது சாவிக்கொத்தையும் மினிட் புத்தகத்தையும் ஒப்படைப்பதுபோல் இவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அப்புறம்தான் புதிய தளம் பற்றிய பேச்சு தொடங்கியது. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதும் என்றார்கள் சிலர். அஸ்திவாரத்தில் கோளாறு இருக்கும் வீட்டுக்கு நாம் அப்படிச் சொல்வோமா? புதிதாகவே கட்டுவது என்று முடிவானது. வெளிநாட்டில் இதற்கென்றே உறுப்பினர் மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன. சந்தா, கூட்டப் பதிவு, உறுப்பினர் பெயர்ப் பட்டியலான அடைவு எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆனால் உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து மாதா மாதம் டாலரில் கட்ட வேண்டும். நம்மால் தாங்காது. 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸையே எடுத்துக்கொண்டோம். அது தெரிந்தவர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் விட்டுப்போனாலும் இன்னொருவர் தொடரலாம். எனக்கு அதுதான் பெரிய காரணமாகப் பட்டது.

வடிவமைப்பாளர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை. “உங்க தளத்துக்கு யார் வர்றாங்க, என்ன தேடி வர்றாங்க?” என்று கேட்டார். அலுவலகத்தில் இருக்கும் அக்காவிடம் ஒரு நீளநோட்டைக் கொடுத்து, ஒரு மாதம் வரும் அழைப்புகளை எல்லாம் எழுதி வைக்கச் சொன்னோம். அந்த நோட்டுதான் தளத்தின் வரைபடம் ஆனது. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: எங்க ஊருக்குப் பக்கத்தில் பொறியாளர் யார் இருக்கிறார்? அடுத்து: இன்னார் உங்கள் சங்க உறுப்பினர்தானா? வளைகுடாவிலிருந்து நிறைய அழைப்புகள் வந்திருந்தன. அங்கே வேலை பார்த்துக்கொண்டு கருங்கல்லிலோ நித்திரவிளையிலோ வீடு கட்ட நினைப்பவர்கள், யாரை நம்பிப் பணம் அனுப்புவது என்று கேட்கிறார்கள். உறுப்பினர்கள் கேட்பது சந்தா பாக்கியும், அனுமதி விதிகளும். தலைவர் செய்தியையோ சங்க வரலாற்றையோ ஒருவரும் கேட்கவில்லை. பழைய தளத்தில் முதலில் இருந்தவை அவைதான். நோட்டைப் பார்த்ததும் தலைவர், “தம்பி, முதல்ல என் படத்தை எடுத்திருங்க, அந்த இடத்துல தேடுற பெட்டி வைங்க” என்றார். அப்படி அவர் சொன்னதற்கு இந்த மேடையில் நன்றி சொல்லியாக வேண்டும்.

பிறகு ஒரு மாதக் கூட்டத்தில் பக்கங்களின் பெயர்களைச் சிறு அட்டைகளில் எழுதி மேசைமேல் பரப்பினோம். சாயாவும் ரசவடையும் முடிவதற்குள் உறுப்பினர்கள் அவற்றைத் தங்களுக்குத் தோன்றியபடி அடுக்கிவிட்டார்கள். பத்துக்கு மேல் இருந்த மெனு ஐந்தாகக் குறைந்தது.

செப்டம்பர் 15 அன்றே தளத்தைத் திறக்க நினைத்திருந்தோம். தள்ளிப்போனதற்கு வடிவமைப்பாளர் காரணமில்லை. நம் பதிவேடுதான் காரணம்.

அச்சிட்ட கையேடு ஒன்று, கணினியில் எக்செல் ஒன்று, ரசீதுக் கட்டு ஒன்று. மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின. எண் மாறியவர்கள், வெளிநாடு போனவர்கள், ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்டவர்கள், இரண்டு முறை பதிவானவர்கள் என்று எல்லாம் கலந்து கிடந்தது. பார்க்க எத்தனை அழகான தளமாக இருந்தாலும், கருங்கல்காரர் தேடி எடுக்கும் எண் வேறொருவர் வீட்டில் அடித்தால் அது சங்கத்துக்கு அவமானம். தாலுகாவுக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் போனில் அழைத்தோம். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் நேரே வீடுகளுக்கே போனார்கள்.

நான் அழைத்த எண்களில் ஒன்றை ஒரு பெண் எடுத்தார். “அப்பா தவறி இரண்டு வருஷம் ஆச்சு சார், உங்க சர்க்குலர் இன்னும் வருது” என்றார். நான் மன்னிப்புக் கேட்டு, உடனே பெயரை நீக்கிவிடுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீக்கிராதீங்க சார், எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்” என்றார். மறைந்த உறுப்பினர்களுக்கான நினைவுப் பக்கம் அப்படித்தான் வந்தது. பெயர், ஊர், சங்கத்தில் சேர்ந்த ஆண்டு, குடும்பத்தார் தந்தால் ஒரு படம். தொடக்கத் திட்டத்தில் இல்லாத பக்கம் அது. இந்த ஆண்டு பிரிந்தவர்களின் பெயர்களும் அதில் சேர்ந்திருக்கின்றன.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, ஒருவரின் எண்ணையும் முகவரியையும் அவர் ஒப்புதல் இல்லாமல் பொதுவில் போடுவது சரியல்ல. சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையல்ல. அதனால் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குகிறோம். பெண் பொறியாளர்கள் சிலர் எண் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு வரும் கேள்விகள் தளத்தில் உள்ள படிவம் வழியாக மின்னஞ்சலில் போய்ச் சேரும்.

தேடுவதை ஊர்ப்பெயரை வைத்து அமைத்தோம். நம் மாவட்டத்தில் யாரும் தாலுகா பெயர் சொல்லி வீடு கட்டுவதில்லை. திங்கள்நகர், அழகியமண்டபம், அருமனை என்றுதான் சொல்வார்கள். குளச்சல் என்று அடித்தாலும் கொளச்சல் என்று அடித்தாலும் ஒரே இடம் வர வேண்டும். ஆங்கிலத்தில் தக்கலையை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். இந்த மாற்றுப் பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து தயாரித்த இளம் உறுப்பினர்கள் இருவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

பயன்பாட்டுச் சோதனைக்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை, ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதியிருக்கிறார். ஐந்து பேரை உட்கார வைத்தோம். எழுபது கடந்த மூத்த பொறியாளர் ஒருவர், குலசேகரம் பக்கம் சைட்டில் நின்ற இளைஞர், ஒரு மேஸ்திரி, மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பில் ஒருவர், நம் அலுவலக அக்கா. நாங்கள் பெருமையாக ‘உறுப்பினர் அடைவு’ என்று பெயர் வைத்திருந்தோம். மேஸ்திரி அதைத் தொடவே இல்லை. அடைவு என்றால் அடகு சம்பந்தப்பட்டது என்று நினைத்தாராம். ‘பொறியாளரைத் தேடு’ என்று மாற்றினோம். மூத்தவருக்கு எழுத்து சிறியதாக இருந்தது. இளைஞருக்கு வெயிலில் நின்று பார்த்தபோது வெள்ளைமேல் சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவிலான அணுகல் நெறி. அதன்படி நிறத்தைக் கறுப்பாக்கினோம். மலையடிவாரத்தில் சிக்னல் குறைவு என்பதால் டிரோன் படங்களையெல்லாம் சுருக்கிப் போட்டோம்.

விதிகள் பகுதியில்தான் நம் தொழிலறிவு வேலை செய்தது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில், அதாவது விண்ணப்பிப்பவரே சான்றளிக்கும் முறையில், வீட்டு அனுமதி தொடங்கியது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட அதில் விண்ணப்பிக்கலாம். நம் ஊரில் யார் சதுர அடியில் மனையைச் சொல்கிறார்கள்? ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே ‘சுமார் ஐந்தே முக்கால் சென்ட் வரை’ என்று தளத்தில் சேர்த்து எழுதினோம். அந்தப் பக்கம் வந்த பிறகு அலுவலகத்துக்கு வரும் அதே கேள்வி வெகுவாகக் குறைந்துவிட்டதாக அக்கா சொல்கிறார். மலையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்கள், கடற்கரையோரம் கட்டக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆகிய இரண்டுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. மலையும் கடலும் இத்தனை நெருங்கிக் கிடக்கும் மாவட்டத்தில் இரண்டுமே அன்றாடக் கேள்விகள். ஒவ்வொரு விதிப் பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் சரிபார்த்த உறுப்பினரின் பெயரும் இருக்கும். தேதி பழசாகிவிட்ட பக்கத்தை நம்ப வேண்டாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறோம்.

தை மாதத்தில் தளத்தைத் திறந்தோம். விழா எதுவும் வைக்கவில்லை. மாதக் கூட்டத்தில் திரையில் காட்டினோம். எல்லோரும் அவரவர் போனில் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். அன்றே பல திருத்தங்கள் வந்தன. பழைய பக்கங்களின் முகவரியை அழுத்தினாலும் புதிய பக்கத்துக்குப் போகும்படி செய்திருக்கிறோம்.

முடியாதவையும் இருக்கின்றன. பழைய சுற்றறிக்கைகளை யூனிகோடுக்கு மாற்றியதில் ஜ, ஷ, ஸ போன்ற கிரந்த எழுத்துகள் பல இடங்களில் சிதைந்துள்ளன. கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும், பாதிதான் ஆகியிருக்கிறது. பார்வையற்றோர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி படங்களுக்கு விளக்கம் எழுதுவதும் பாக்கி. சந்தாவை யுபிஐ மூலம் தளத்திலேயே கட்டலாம், ரசீது மின்னஞ்சலில் வந்துவிடும். நேரில் வந்து கட்டுவோருக்கு அந்த வழியும் தொடரும், அதை நிறுத்தும் எண்ணமே இல்லை. வாரம் ஒருமுறை தளத்தின் நகலை ஹார்ட் டிஸ்கில் எடுத்து அலுவலகத்துக்கு வெளியே, வேறொரு உறுப்பினர் வீட்டில் வைக்கிறோம். 2017இல் ஒக்கிப் புயலில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறக்க முடியாது.

பொதுக்குழு முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். தளத்துக்கென நிரந்தரத் துணைக்குழு வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும், புதுப்பிக்கும் வருடத்தில் மட்டும் அல்ல. ஒவ்வொரு ஏப்ரலிலும் உறுப்பினர்கள் தங்கள் விவரத்தைத் தாங்களே திறந்து பார்த்து, சரி என்று உறுதி செய்ய வேண்டும்.

ஒப்புதல் படிவம் இன்னும் தராத உறுப்பினர்களின் பெயர்கள் தாலுகா வாரியாக வாசலில் ஒட்டப்பட்டுள்ளன. அவர்கள் பெயர் தளத்தில் இருக்கிறது, எண் இல்லை. படிவமும் பேனாவும் வாசல் மேசையில் அக்காவிடம் உள்ளன. சாப்பாட்டுக்குப் போகும் முன் நிரப்பிக் கொடுத்துவிட்டால் இன்று மாலைக்குள் ஏற்றிவிடுவேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்